காரிமங்கலம் சந்தையில் ஈ பிடித்த கதை

எழுபதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதத்தில், பெங்களூரிலிருந்து காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். பழம் வாங்க அல்ல, ஈ பிடிக்க. அழுகிய பழத்தைச் சுற்றுமே, சிவப்புக் கண்ணுள்ள பொடி ஈ, அதைத்தான்.

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வகை ஈக்களை வளர்த்தோம். பிறந்த சில நாட்களிலேயே தள்ளாடும். மூளை நரம்புகள் சிதைந்து செத்துவிடும். பரம்பரையாக வரும் கோளாறு. எந்த மரபணு கெட்டதால் இப்படி ஆகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, வெளியில் பிறந்து வளர்ந்த நல்ல ஈக்கள் தேவைப்பட்டன. மாம்பழக் காலத்தில் அதற்குத் தருமபுரிப் பக்கத்தை விட்டால் வேறு இடம் ஏது?

கிருஷ்ணகிரி வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு மணி பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது அமீர் பாயின் மாம்பழக் கடை. நேராகப் போய், "உங்க கடையில ஈ இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன். அப்படியா கேட்பார்கள்!

"ஏம்மா, யாவாரம் பண்ற எடத்துல வந்து என்ன பேச்சு இது? எங்கடையில ஏதும்மா ஈ?"

அவர் சொல்லும்போதே தராசுத் தட்டைச் சுற்றி நாலைந்து பறந்தன. பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட, பாய்க்குக் கோபம் இன்னும் ஏறியது. வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானோ என்று பதறி, தள்ளாடும் ஈக்களின் கதை முழுவதையும் கொட்டினேன்.

"நரம்புன்னா, கைநடுக்கமாட்டமாம்மா?" என்று கடைக்குள்ளிருந்து ஒரு குரல். பாயின் அண்ணன் யூசுப் கோணிமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த மாதிரிதாங்க."

பாயின் குரல் இறங்கிவிட்டது. "இதுக்கு மருந்து வருமா?"

"தெரியலைங்க. எங்க கெட்டுப்போகுதுன்னே இப்பத்தான் தேட ஆரம்பிச்சிருக்கோம்."

பொய் சொல்ல மனம் வரவில்லை. யூசுப்தான் பேசினார். "தேடட்டுமே. யாராச்சும் தேடோணுமில்ல."

பாய் எழுந்து சந்தைக்கே கேட்கும்படி கத்தினார்: "அழுவுன பழம் இருந்தா எல்லாரும் இங்க கொண்டாங்க!" சிரிப்பும் கிண்டலுமாகக் கூடை நிறைந்தது. நான் கொண்டுபோன குப்பிகளும் ஈக்களால் நிறைந்தன.

ஒரு குப்பியை யூசுப் கேட்டு வாங்கினார். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் குப்பியைத் தட்டிப் பார்ப்போம். அடியில் விழுந்த ஈ மேலே ஏறினால் நரம்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் தட்டவே வேண்டியிருக்கவில்லை. கை நடுங்கியதும் ஈக்கள் பொலபொலவென விழுந்தன. உடனே விறுவிறுவென ஏறின. விழுந்தன, ஏறின. அவருக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. "அமீரு, எப்பிடி ஏறுது பாருடா!"

இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மாம்பழத்துக்கு வைகாசி, ஆனியில் போங்கள். வெயில் ஏறுமுன் சந்தைக்குள் இருங்கள். ஈ பிடிக்கப் போகிறவராக இருந்தால் குப்பியை ஈரத்துணியில் சுற்றுங்கள், பஸ்ஸில் எஞ்சின் பக்கம் உட்காராதீர்கள். முக்கியமாக, முதலில் பழம் வாங்குங்கள், பிறகு ஈயைக் கேளுங்கள்.

என்னை பஸ் ஏற்றிவிட அண்ணன் தம்பி இருவருமே வந்தார்கள். ஈக்களுக்கு, அவற்றைப் பிடித்த ஊரின் பெயரையே வைப்போம் என்று சொன்னேன்.

யூசுப் ஜன்னலருகே வந்தார். "வெய்யிங்க. ஆனா தள்ளாடுறதுக்கு எங்கூரு பேரு வேணாம். ஏறுறதுக்கு வெய்யிங்க."

அப்படியே வைத்தோம். நான் அந்த வேலையை விடும்வரை, தலைமுறை தலைமுறையாக, காரிமங்கலம் ஏறிக்கொண்டே இருந்தது.