மாற்றுச் சேலை

நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பத்து என்று சொன்னால் ஐந்துக்குக் கேளுங்கள், கோபப்பட மாட்டேன். ஆனால் இதில் மட்டும் ஒரு வரியைக்கூடக் குறைத்துக் கேட்காதீர்கள். நடந்தது நடந்தபடி. நடந்தது என் கடைக்கு எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் பெரியகருப்பனுக்கு. அவரே வந்து சொன்னார். மூன்று டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றும் ஆறிப்போயின. அவர் டீயை வீணாக்குகிறவர் இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று. பேரம் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசலாம். 'எடுத்துக்க' என்று வாய் திறந்துவிட்டால் முடிந்தது. அப்புறம் பேச்சு மாறுகிறவன் கடைக்குக் காக்காய்கூட வராது.

பெரியகருப்பனின் பூர்வீக வீடு அரிமளம் பக்கம். அந்த வீட்டு உள்ளறையில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அழகு ஆச்சியின் பெட்டி. நூறு வருடத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், ஊர்க் கண்மாயில் செத்தவள் அழகு. கால் தவறி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். கொழுந்தன் தள்ளிவிட்டான் என்பது வீட்டுக்குள் மட்டும் பேசுகிற பேச்சு. அந்தக் கொழுந்தனின் கொள்ளுப்பேரன்தான் நம்ம பெரியகருப்பன்.

வருடா வருடம் தை மாதம் மூன்றாம் வெள்ளி, பங்காளிகள் கூடி அவளுக்குப் படைப்புப் போடுவார்கள். பெட்டியில் இருக்கும் பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுச் சேலை வைப்பார்கள். தண்ணீரில் போனவள் ஈரத்தோடு நிற்கிறாள், அவளுக்கு மாற்றுச் சேலை வேண்டும் என்பது நம்பிக்கை.

பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என்று சிதறினார்கள். நான்கு வருடம் முன்பு வீட்டுச் சாமான்களை ஒரு தரகரிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டார் பெரியகருப்பன். தரகர் அந்த ஓலைப்பெட்டியைத் தொட்டு, "இதையுமாங்க?" என்று இழுத்தார். "எடுத்துக்குங்க" என்றார் இவர். பங்காளிகளிடம், கரையான் அரித்துவிட்டது என்று ஒரே போடாகப் போட்டார். படைப்பும் நின்றது.

அதற்கப்புறம் தைக்கு ஒன்றாக, அவர் மனைவி மீனாக்ஷியின் பீரோவிலிருந்து சேலை காணாமல் போனது. மாம்பழ மஞ்சள். அரக்கு. கிளிப்பச்சை. வீட்டு வேலைக்கு வந்த இருளாயிதான் திருடி என்று சொல்லி நிறுத்தினார்கள். அவள் அழுதுகொண்டே போனாள்.

இந்தத் தை மாதம்.

அழகு செத்த அதே கண்மாயின் நடுவே ஒரு திட்டு. சுற்றிலும் தண்ணீர். திட்டில் பழைய கல்மண்டபம். அதில் யாரோ ஒரு மியூசியம் வைத்திருப்பதாகப் பேச்சு. திருக்கோகர்ணத்தில் குடியிருந்துகொண்டு, நடக்கிற தூரத்தில் இருக்கும் பெரிய மியூசியத்தையே எட்டிப் பார்க்காதவர் பெரியகருப்பன். மீனாக்ஷிதான் நச்சரித்தார்.

"படகுல கூட்டிட்டுப் போறாகளாம். எல்லாரும் பாத்துட்டு வந்துட்டாக. நம்ம ஊரு கண்மாய நாம பாக்கலங்க."

போனார்கள். வெள்ளிக்கிழமை. எத்தனையாவது வெள்ளி என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மணி 11:35. படகோட்டி, காவலாளி, டிக்கெட் கிழிப்பவர் எல்லாம் ஒரே ஆள். பெயர் அடைக்கலம்.

"ஆளுக்கு அம்பதுங்க."

"ரெண்டு பேருக்கு எழுவது. துடுப்புதான போடுற, டீசலா ஊத்துற?"

"என் தோளுக்கு டீசல் நீங்க ஊத்துவீகளாய்யா?"

எண்பதுக்குப் படிந்தது. மீனாக்ஷிக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம். கீழே உட்கார முடியாது. படகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். திட்டில் ஒன்பது படி. ஒவ்வொரு படிக்கும் பெரியகருப்பனின் கை வேண்டியிருந்தது.

மண்டப வாசலில் கண்டாங்கிச் சேலைகளை விற்பனைக்கு அடுக்கியிருந்தார்கள். மீனாக்ஷி ஒன்றைத் தடவிப் பார்த்தார். "அப்புறம் பாப்போம்" என்று இழுத்துக்கொண்டு உள்ளே போனார் இவர்.

மணி 11:52. உள்ளே பூட்டுகள், பித்தளை அண்டாக்கள், மரப்பாச்சிகள். வெளியே உச்சி வெயில். உள்ளே மட்டும் ஈரக் குளிர்.

சொட்... சொட்...

"என்னப்பா ஒழுகுது?"

"கடைசியில ஒரு பெட்டி இருக்குங்கய்யா. அது மட்டும் எப்பவும் ஈரம். ரெண்டு தடவ கண்ணாடி மாத்தியாச்சு" என்றார் அடைக்கலம். சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டார்.

பெரியகருப்பன் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஓலைப்பெட்டி. அவர் வீட்டுப் பெட்டி. பக்கத்தில் அட்டை. அதில் அவர் வீட்டு விலாசம், ஊர்ப் பெயரோடு.

மீனாக்ஷி பார்த்தால் போச்சு. இன்றைக்கே பங்காளிகள் அத்தனை பேருக்கும் போன் போகும்.

"மீனா, பின்னாடி முற்றத்துல தொட்டில் வச்சிருக்காகளாம். போயிப் பாரு. நான் வாரேன்."

மீனாக்ஷி போனார். டக்... சர்ர். டக்... சர்ர். வலது காலை இழுத்து நடக்கும் சத்தம் தேய்ந்தது.

மணி 12:04. அட்டையை உருவிச் சட்டைப்பையில் திணித்தார். அப்போதுதான் திறந்திருந்த பெட்டிக்குள் பார்த்தார்.

சேலைகள்.

மாம்பழ மஞ்சள். அரக்கு. கிளிப்பச்சை.

கிளிப்பச்சையின் முந்தியில் குங்குமக் கறை. அது பேரன் பிறந்தநாளில் பட்டது. அவருக்கே தெரியும்.

மூன்றும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

சொட்... சொட்...

முதுகுக்குப் பின்னால் காலடி.

டக். டக். டக்.

"இந்த வருசத்துக்கு எடுத்துக்கட்டா?"

மீனாக்ஷியின் குரல்தான். கொஞ்சம் சளி பிடித்த மாதிரி. வாசலில் பார்த்த கண்டாங்கியைக் கேட்கிறாள் என்று நினைத்தார். கண்ணாடியை உடம்பால் மறைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னார்.

"எடுத்துக்க, எடுத்துக்க. இங்கிட்டு மட்டும் வராத."

சொட்டுவது நின்றது.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலடியில்... இழுவை இல்லை.

திரும்பினார். யாரும் இல்லை. தரையில் ஈரப் பாதம். முற்றம் வரைக்கும்.

ஓடினார். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு அப்பால் படித்துறை.

கடைசிப் படியில் நின்றாள். முதுகைக் காட்டி.

"மீனா..."

திரும்பினாள். மீனாக்ஷிதான். காலையில் கட்டிவந்த அதே நீலச் சேலை, ஒரு பொட்டு ஈரமில்லை. தலை மட்டும் நனைந்திருந்தது.

"மொகங் கழுவுனேன்."

"சேலை எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

கையில் ஒன்றும் இல்லை.

மணி 12:25. படகில் பிளாஸ்டிக் நாற்காலி காலியாகவே வந்தது. அவள் படகின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சிக்குக் கால் சரியாயிருச்சு போல" என்றார் அடைக்கலம்.

அவள் சிரித்தாள். பெரியகருப்பன் கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை காலண்டரைப் பார்த்தார். தை மூன்றாம் வெள்ளி.

நான்கு நாள் கழித்து, செவ்வாய். காலை மணி 6:10. போன். அடைக்கலம்.

"ஐயா, தப்பா நெனைக்காதீக. அன்னைக்கு நோட்டுல நம்பர் எழுதிட்டு வந்தவுக எல்லாத்துக்கும் போன் போடச் சொல்லி போலீஸ்ல சொன்னாக. திட்டுப் படித்துறையில ஒரு பொம்பளப் பொணம் ஒதுங்கியிருக்கு. மூணு, நாலு நாளு இருக்குமாம். ஒடம்புல சேலை இல்ல. வலது முழங்கால்ல நீளமா ஆபரேஷன் தழும்பு..."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒங்க வீட்ல ஆச்சி நல்லா இருக்காகள்ல?"

சமையலறையைப் பார்த்தார். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கா" என்றார். போனை வைத்தார்.

சரக்... சரக்...

நறுக்குவது நின்றது.

அவள் திரும்பவில்லை.

"கண்டெடுத்துட்டாகளா?"

தரையில் அவளைச் சுற்றித் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கன்னது நீங்கதான். பேச்சு மாற மாட்டீகள்ல?"