இருபத்துமூன்று சோப்புகள்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெட்டி அடுக்கும் வேலை. பெட்டிக்கு இருபத்துநான்கு; நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. கணவன் செத்துப்போன பிறகும் கை தன்பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தது.

அன்று சூப்பர்வைசர் வந்து, "இனிமே இருபத்துமூணு வைம்மா. விலை அதேதான்" என்றார். விலையை ஏற்றினால் கண்ணில் படுமாம், சோப்பைக் குறைத்தால் படாதாம். அவரே இரண்டு, மூன்று, நாலு என்று வரிசை போட்டுப் பார்த்தார். எப்படி வைத்தாலும் கடைசி வரிசை பல்லிளித்தது.

"அது பகா எண்ணாம் சார், சமமா பிரியாதாம். ஒரே நீள வரிசையாத்தான் நிக்கும். என் பொண்ணு வீட்டுப்பாடத்துல வந்துச்சு."

"வந்துட்டுப் போகட்டும். காலி இடத்துல பேப்பரைக் கசக்கித் திணி."

சாயங்காலம் வரை திணித்தாள்.

வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். மாமியாரும் மகளும் அவளும் உட்கார்ந்தார்கள். இருபத்துமூணு சோப்பு அடுக்கிய கதையை அவள் சொன்னாள்.

"மூணும் பகா எண்தாம்மா" என்றாள் மகள், மென்றபடியே.

"ம்."

கணவனின் நாற்காலியில் மாமியார் துவைத்த துணிகளைக் குவித்திருந்தார். குவியல் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் எழுந்துபோய், ஒரு துண்டைக் கசக்கி இடுக்கில் திணித்துவிட்டு, வந்து சாப்பிட்டாள்.