மாவு மில்லாகிப் போன ரோலர்

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெயரை நீக்கச் சொன்னார்கள். தமிழ்நாட்டின் மிகப் பழைய பொறியியற் கல்லூரி ஒன்று தன் வரலாற்றை நூலாக்கிக்கொண்டிருந்தது. அதில் இலங்கை மாணவர்கள் பற்றிய அத்தியாயத்தை எழுதுவதும், பழைய படங்களுக்கு அடிக்குறிப்பு அமைப்பதும் என் பகுதிநேரப் பணி. நான் இலங்கை மலையகத்தின் லிந்துலையில், தொகுப்பாசிரியர் சென்னையில்.

அந்தப் பெயர் செல்லையா. அக்கல்லூரியில் படித்தவர், எங்கள் மலையகத்திலேயே நோர்வூட்டில் வாழும் ஓய்வுபெற்ற பொறியியலாளர். இறுதியாண்டில், தேயிலைக் கொழுந்தை உருட்டி முறுக்கும் ரோலர் இயந்திரம் ஒன்றைத் தாமே வடிவமைத்துச் செய்ததாகக் கல்லூரிக்கு எழுதியிருந்தார்.

"தேயிலைன்னு ஒரு டிராயிங்கும் இங்க இல்லம்மா. ப்ரூஃப் இல்லாம போட முடியாது, எடுத்துடுங்க," என்றார் தொகுப்பாசிரியர்.

செல்லையாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மாலை அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையின் ரோலிங் ரூமில் வேலை செய்யும் அத்தை, என் தோளுக்கு மேலாகத் திரையிலிருந்த கல்லூரிப் பட்டறைப் படத்தைப் பார்த்தார்.

"என்னாடி இது? ரோலர போட்டு மாவு மில்லுன்னு எழுதி வச்சிருக்க! இதுல மாவரைச்சு நீ ரொட்டி சுட்ட மாதிரிதான்."

"கல்லூரியில அப்படித்தான் குறிச்சிருக்காங்க அத்தை."

"குறிச்சவுங்க இதுல எல போட்டிருக்காங்களா? மேல சக்கரம், மூடிய அழுத்துறதுக்கு. தட்டுல பித்தளக் கட்டைங்க, எலய முறுக்குறதுக்கு. நடுவுல கதவு, உருட்டுன எல கீழ விழ. மாவுக்கு எதுக்குடி இதெல்லாம்? அரைக்கிற கல்லு எங்க?"

தேயிலைக்கு நடுவே பிறந்தும் நான் ரோலிங் ரூமுக்குள் கால் வைத்ததில்லை. தவறான குறிப்பை அப்படியே தட்டச்சுச் செய்திருந்தேன். அத்தை சொன்ன மூன்று உறுப்புகளையும் படத்தில் வட்டமிட்டுத் தொகுப்பாசிரியருக்கு அனுப்பினேன். இது செல்லையா செய்த ரோலராக இருக்கலாம், வரைபடத்தையும் இதே பெயரில் வைத்திருக்கக்கூடும், மாவு மில் என்று குறித்த வரைபடக் கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்று எழுதினேன்.

மறுநாள் நண்பகலில் தொகுப்பாசிரியரே அழைத்தார்.

"கிடைச்சிடுச்சும்மா! அதே மெஷின், மூலையில செல்லையான்னு கையெழுத்து. பேரு மட்டும் போதாது, முழுப் பக்கம் எழுதிக் கொடுங்க."

எழுதி முடித்ததும், அத்தை கண்டுபிடித்த கதையையும் சொல்லிச் செல்லையாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"மாவு மில்லா! பெரிய பெரிய இன்ஜினியர் எல்லாம் பாத்த படம். கண்டுபிடிச்சது ஒங்க அத்தை. அவங்க பேரையும் போடுங்கம்மா."

போட்டேன். அடையாளங்கண்டவர் என்று, தொழிலோடு சேர்த்து. இப்போதெல்லாம் ஒரு கருவியின் படத்துக்குக் கீழே எதையும் எழுதுமுன், அதில் கைவைத்து வேலை செய்தவரை முதலில் தேடிப் போகிறேன்.