கோட்டை முள்ளை வெட்டிய வருஷம்

பழவேற்காட்டுக் கோட்டை என்றால் வெளியூர்க்காரர்கள் மதிலையும் கொத்தளத்தையும் தேடுவார்கள். ஊர் வரலாற்றை நினைவில் வைக்க நாங்கள் ஒரு குழு தொடங்கிய காலத்தில் அங்கே இருந்தது வெறும் முள்காடு. வேலிக்காத்தான் ஆள் உயரத்துக்கு மேல் மண்டி, டச்சுக்காரர்கள் வைத்த செங்கல் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் மூடியிருந்தது. சுற்றிலும் அகழியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

குழுவை ஆரம்பித்தவர் பொன்னேரி நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பாலைவனம் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம். தலைவர் என்று அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் விடுதலைக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்தப் போரில் டச்சுக்காரர்களும் இழுபட்டதால்தான், ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். உலகத்தைப் புரட்டிப்போட்ட சண்டை நம் ஏரிக்கரைக்கும் வந்திருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லையே என்று வருந்துவார். டச்சுக்காரர் காலத்துப் பஞ்சங்களில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியும் சொல்வார். டச்சுக்காரர்களுக்காவது கல்லறை இருக்கிறது, இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார். மேடை போட்டுப் பேசுவதை விட, அவர்கள் நினைவாக வருஷத்துக்கு ஒரு நல்ல காரியம் ஊருக்குச் செய்வோம் என்பது அவர் யோசனை.

எனக்கு அது பிடித்திருந்தது. நான் அப்போது ஊர்ப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். என் கணவர் வீட்டார் பல தலைமுறையாகப் பழவேற்காட்டில் வியாபாரம் செய்தவர்கள். குழுவில் அவரும் இருந்தார். பெண் என்று நான் ஒருத்திதான். முதலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். அடுத்த வருஷம் கண் சிகிச்சை முகாம் நடத்தினோம். அதற்கடுத்த வருஷம், கோட்டை முள்ளை வெட்டிச் சுத்தம் செய்வது என்று முடிவாயிற்று. அனுமதி வாங்கத் தலைவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்.

பொக்லைன் வந்து ஒரு பக்கம் புரட்டிக்கொண்டே போக, நாங்கள் கத்தியும் கோடரியுமாகப் பின்னால் நின்றோம். கடைசியில் ஒரு நீளத்துக்குச் செங்கல் சுவர் வெளிப்பட்டது. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். பத்திரிகையில் படம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப்போய் நானே அங்கே பாடம் நடத்தினேன். மாலையில் பையன்கள் அந்த மைதானத்தில் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். ஊருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

கோட்டைக்குப் பின்னால் இருக்கும் குப்பத்திலிருந்து ஒருத்தி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஏரி நண்டு கிடைத்தால் எனக்கென்று தனியாக மூடி எடுத்து வருவாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்போம். அவள் மகள் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தாள். முள் வெட்டி முடித்த பிறகு அவள் மீன் கொண்டுவருவது நின்றுபோனது. உடம்புக்கு முடியவில்லையோ என்று குப்பத்துக்குப் போனேன்.

வீட்டு வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். கையிலிருந்த இறாலை உரித்துச் சட்டியில் போட்டாள்.

"நாங்க காலையில எங்க போறோம்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்த முள்ளுக்குள்ளதான் போவோம். குப்பத்துப் பொம்பளைங்க மொத்தமும். இப்ப அத்தினியும் வெட்டவெளி. பசங்க பேட்டு வெச்சிக்கினு ஆடறானுங்க."

இப்போது விடிவதற்கு முன்பே எழுந்து ஏரிச் சேறு வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறதாம். அந்தப் பாதையில் மோட்டார்பைக்கில் வருகிறவர்கள் வேண்டுமென்றே விளக்கை அவர்கள் மேல் அடித்துவிட்டுப் போகிறார்களாம். அதற்குப் பயந்து அவள் மகள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அந்த வாரம் பள்ளியில் காலைப் பிரேயரில் அந்தப் பெண் மயங்கி விழுந்திருந்தாள். சோடா வாங்கிக் கொடுத்து, காலையில் சாப்பிடாமலா வந்தாய் என்று அவளைக் கடிந்துகொண்டது நான்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவரிடம் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை அவரிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, ஆனாலும் சொன்னேன். அவர் அன்று மாலையே என் கணவரோடு குப்பத்துக்குப் போயிருக்கிறார். இவர்களைக் கண்டதும் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். படகருகே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், இன்னும் எதுனா வெட்டணுமா?" என்று கேட்டாராம்.

குழு கழிப்பறை கட்ட முனைந்தது. இடம் கிடைக்கவே மாதங்கள் போயின. கிடைத்த இடம் ஏரியை ஒட்டிய தாழ்வான நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். எப்படியோ கட்டி, நீல வண்ணம் அடித்துத் திறந்தோம். பெண்கள் நன்றாகத்தான் பயன்படுத்தினார்கள். ஐப்பசி மழையில் ஏரி ஏறியது. குழி நிரம்பி, எல்லாம் மேலே வந்துவிட்டது. நாற்றம் தாங்காமல் குப்பத்துக்காரர்களே பூட்டுப் போட்டார்கள்.

நாங்கள் இடம் தேடிக்கொண்டிருந்தபோதே, மீன் கொண்டுவருபவள் தன் மகளைப் பொன்னேரியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "அங்க பாத்ரூம் கீது டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். கழிப்பறை வந்ததும் திரும்பக் கூட்டிவருவதாகப் பேச்சு. நடு வருஷத்தில் அங்கே பள்ளியில் சேர்க்கவில்லை. நான் தலைமையாசிரியரிடம் பேசி, இங்கேயே பெயரை வைத்திருக்கச் செய்தேன். வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தோம். சித்தி வீட்டில் சும்மா இருந்த பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

கல்யாணப் பத்திரிகை வைக்க அம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. அது தெரிஞ்சதாலதான் யாரையும் திட்டவும் முடியல."

திட்டியிருந்தால் எவ்வளவோ மேல். அதற்குப் பிறகு மறுபடியும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவர ஆரம்பித்தாள். ஆனால் என் வாசலில் உட்காருவதில்லை. எடை போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று பேசக் கூட்டம் போட்டோம். டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். தலைவர் டச்சுக்காரர்களைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். மேடான இடத்தில் இன்னொரு கட்டடம் வேண்டும் என்று கேட்டு, முட்டிவலியோடு பஸ் ஏறி அலுவலகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். அது கிடைக்காமலே இறந்துபோனார். அதற்குள் கோட்டையில் முள் திரும்ப வளர்ந்து, செங்கல் சுவர் மறைந்துவிட்டது. பெண்கள் பழையபடி அங்கே போக ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

சில வருஷங்கள் கழித்துப் பொன்னேரி பஸ் நிலையத்தில், மீன் கொண்டுவந்தவளின் மகளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அவளாகவே வந்து பேசினாள். வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிறார் என்றாள். நன்றாகத்தான் இருந்தாள். பிளஸ் டூவைத் தனித்தேர்வாக எழுதலாமே, புத்தகம் நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"இனிமே இன்னா டீச்சர்" என்று சிரித்தாள்.

அவள் பஸ் வந்தது. பெரிய குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, சின்னதோடு அவள் ஏறுகிற வரைக்கும் அதன் பால்புட்டி இருந்த பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.