இரண்டு பேர் நிற்கும் அடுக்களை

டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்த அடுக்களையில் ஒரே ஒரு ஆள்தான் நிற்கலாம். கல்யாணமான நாள் முதல் அந்த ஒரு ஆள் நான்தான். காலையில் என் கணவரும் நானும் ஒரே பஸ்ஸைப் பிடித்து, வேறு வேறு அமைச்சகங்களில் இறங்கி, ஒரே மாதிரியான கோப்புகளைப் புரட்டிவிட்டு, மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்தித்தாளோடு பிரம்பு நாற்காலிக்குப் போவார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போவேன். பதினேழு வருஷம் இப்படியே போயிற்று. இதில் எனக்குக் கோபம் இல்லை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. கரண்ட் போய்விட்டது. வியர்வை கண்ணில் இறங்க, தேங்காயைத் துருவித் தரச் சொல்லி அவரைக் கூப்பிட்டேன். வந்தார். வந்து கதவு நிலையில் கையை ஊன்றி நின்றார். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவான மனுஷன்.

"உள்ள நிக்கதுக்கு எடம் எங்க இருக்கு? நீ திரும்புனா என் மேலதான் முட்டும். ரெண்டு பேரு நிக்க மாதிரி ஒரு அடுக்களை கட்டு. அன்னைக்கு நான் வந்து நிக்கேன்" என்றார்.

"நெசமாவா சொல்லுதீங்க?"

"நெசமாத்தான் சொல்லுதேன்."

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு வாய்மொழி உத்தரவில் நம்பிக்கை கிடையாது. விருந்தாளிகள் போன பிறகு, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதி அவர் முன்னால் வைத்தேன். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தவர், ஆபீஸ் பழக்கத்தில் 'கொள்கை அளவில் சம்மதம்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். கொள்கை அளவில் சம்மதம் என்றால் காரியம் நடக்காது என்பது செயலகத்தில் தேநீர் கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் தாளைப் பத்திரப்படுத்தினேன்.

எண்பதுகளின் நடுவில் மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்க வீடு எங்கள் கைக்கு வந்தது. சங்கம் கட்டிக் கொடுத்திருந்த அடுக்களை பழையதன் தங்கச்சி. அதே குறுகல், அதே ஒற்றை மேடை. ஆனால் அதை ஒட்டிப் பின்பக்கம் ஒரு பால்கனி இருந்தது. நடுச்சுவரை எடுத்துவிட்டால் என்ன என்று முதல் நாளே எனக்குத் தோன்றிவிட்டது. காசைக் கூடத்தில் போடு, சோபா வாங்கு, கம்பளம் வாங்கு, வருகிறவர்கள் பார்ப்பது அதைத்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். வருகிறவர்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், நான் எங்கே போவேன் என்று கேட்டேன். என் வருங்கால வைப்பு நிதியில் எடுத்த பணம். ஆகவே பேச்சு அதோடு நின்றது.

மதிய இடைவேளையில் மற்றப் பெண்கள் புல்வெளியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும்போது நான் கட்டம் போட்ட தாளில் அடுக்களை வரைந்தேன். எதிரெதிராக இரண்டு மேடை. நடுவில் இரண்டு பேர் முதுகு உரசாமல் திரும்ப இடம். ஒரு பக்கம் அடுப்பும் தொட்டியும், என் உயரத்துக்கு. மறுபக்கம் அவர் உயரத்துக்கு. நான் நாலே முக்கால் அடி. ஒரே உயரத்தில் கட்டினால் அவருக்கு இடுப்பு வலி வந்துவிடும், அதைச் சாக்கு வைத்து மறுநாளே நாற்காலிக்குப் போய்விடுவார். அவர் முகம் முழுக்க நுரையோடு ஷேவ் செய்துகொண்டிருந்த ஒரு காலையில், பின்னால் போய்த் தரையிலிருந்து முழங்கைவரை டேப்பால் அளந்தேன். வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும் என்பதால் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

மேஸ்திரி ராஜஸ்தான்காரர், பெரிய மீசை, பேச்சு கொஞ்சம். என் வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது. "இரண்டு மேடை, இரண்டு உயரமா, பெஹன்ஜி? மேஸ்திரிக்கு மட்டம் பார்க்கத் தெரியவில்லை என்று பேசுவார்களே" என்று ஹிந்தியில் வருத்தப்பட்டார். பேசுகிறவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்றேன்.

மேடைக்கு வெள்ளைப் பளிங்கு என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்தக் கால டெல்லியில் அந்தஸ்து என்றாலே பளிங்குதான். மேல்மாடிப் பஞ்சாபி அம்மாளின் சமையலறையில் அதைப் பார்த்த நாள் முதல் எனக்கு வேறு கல் கண்ணில் படவில்லை. மேஸ்திரி தயங்கினார். பளிங்குக்குப் புளிப்பு ஆகாது, நிம்பு, ஆம்சூர், அச்சார் பட்டால் மெருகு போய்விடும் என்றார். நான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். மாங்காய்ப் பொடி எங்கள் வீட்டில் கிடையாது. எலுமிச்சை எப்போதாவதுதான். ஊறுகாய் ஜாடியைவிட்டு வெளியே வராது. அவர் 'அச்சா' என்று தலையாட்டிவிட்டுக் கல்லை வாங்கப் போனார்.

இரண்டு மாதம் தூசியைத் தின்றோம். படுக்கையறையில் ஸ்டவ் வைத்துச் சமைத்தேன். கதவு நிலை, புத்தகம், மகளின் பள்ளிச் சீருடை எல்லாவற்றிலும் சிமெண்ட் படிந்தது. முடிந்தபோது அது அடுக்களைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கூரைவரை இளம்பச்சை சன்மைக்கா அலமாரிகள். சத்தமில்லாமல் இழுபடும் டிராயர்கள். சாவ்ரி பஜாரில் மூன்று சனிக்கிழமை அலைந்து வாங்கிய எவர்சில்வர் தொட்டி, அதற்கு மேலே ஒரு கீசர். டிசம்பர் தண்ணீரில் பாத்திரம் துலக்கியவர்களுக்குத்தான் அந்தக் கீசரின் அருமை தெரியும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தனித்தனி பிளக். கூடத்துச் சுவரில் தட்டை நீட்ட ஒரு ஜன்னல். இரு பக்கமும் பால் போன்ற பளிங்கு. எங்கள் பிளாக்கில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டினேன், வெட்கப்படாமல் காட்டினேன்.

பால் காய்ச்சிய அன்று பிளாக் முழுவதற்கும் என் கையால் புளியோதரை. முந்தின நாளே பெரிய அண்டாவில் இரண்டு கிலோ புளியை ஊறவைத்து, அடுப்பு மேடையில் வைத்தே கரைத்து, வடிகட்டி, காய்ச்சினேன். எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை மேடையைத் துடைத்தபோது அண்டா இருந்த இடத்தில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. பக்கத்தில் கரண்டி வைத்த தடம், சிந்திய துளிகள். தேய்த்தேன். சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். விரலால் தடவியபோது அந்த இடமெல்லாம் சொரசொரவென்று இருந்தது.

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். "இது கறை இல்லை பெஹன்ஜி. கல்லையே தின்றிருக்கிறது. என்ன ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். புளி டப்பாவைத் திறந்து காட்டினேன். ஐந்து கிலோ டப்பா. அதில் பாதி காலியாக இருந்தது. அவர் புளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் ஊரில் ஒரு கல்யாணச் சட்னிக்குக்கூட இவ்வளவு இம்லி வாங்க மாட்டார்கள் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேல் இல்லை. புளிப்பு ஆகாது என்று அந்த மனுஷன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னபோது, தினமும் இரண்டு வேளை புளி கரைக்கிற என் கைக்கு அது நினைவு வரவில்லையே. எலுமிச்சை புளிப்பு, மாங்காய் புளிப்பு, அடுத்தவர்கள் சாப்பிடுவதெல்லாம் புளிப்பு. திருநெல்வேலிக்காரிக்குப் புளி மட்டும் உப்பு, தண்ணீர் மாதிரி கணக்கில் வராத சாமான். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கணவர் வட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்க்காமல் இல்லை.

"அப்போ வேல இன்னும் முடியல. முடியட்டும், பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவருக்குத் தண்ணீர்கூட நான் எடுத்து வைக்கவில்லை. மேல்மாடி அம்மாள் வட்டத்தை மறைக்க ஒரு ரெக்சின் துணி கொடுத்தனுப்பினாள். அதைத் திருப்பி அனுப்பினேன். மறைத்து வைத்தால் அது முடிந்த வேலை ஆகாது. முடியாத வேலையைக் காட்டி அவர் ஓய்வு பெறும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த சனிக்கிழமை, கெட்டியாகப் புளி கரைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு கீர்த்தி நகர்க் கல் கடைக்குப் போனேன். கல் எதுவானாலும் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன். கடைக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். கடைக்குப் பின்னால் கிடந்த உடைசல் துண்டுகளை வரிசையாக வைக்கச் சொல்லி ஒவ்வொன்றிலும் ஊற்றினேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் ஸ்வெட்டர் பின்னினேன். இரண்டு மணி நேரம். கடைக்காரர் இரண்டு முறை சாய் வரவழைத்தார். பயமாக இருந்திருக்க வேண்டும்.

துடைத்துப் பார்த்தபோது கோட்டாக் கல் வெளுத்திருந்தது. மஞ்சள் கல்லில் தடம் விழுந்திருந்தது. மூலையில் கிடந்த ஒரு கறுப்புத் துண்டு மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி பளபளவென்று இருந்தது. கிரானைட், அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக வர ஆரம்பித்திருந்தது.

"யே சவுத் கா மால் ஹை, பெஹன்ஜி" என்றார் கடைக்காரர். உங்கள் பக்கத்திலிருந்து வருகிற சரக்கு என்று அர்த்தம்.

"அதான் புளிக்கு அசரல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு முன்பணத்தை எடுத்து வைத்தேன்.

அடுப்பு மேடையில் பளிங்கை உடைத்து எடுத்து, கறுப்புக் கல்லைப் பதிக்க நாலு நாள் ஆயிற்று. எதிர் மேடைப் பளிங்கில் ஒரு கீறல் இல்லை, அதனால் அதை விட்டுவிட்டோம். ரொட்டி தேய்க்கப் பளிங்கைப் போல எதுவும் வராது, மாவு ஒட்டாது என்று மேஸ்திரி சொன்னார். அன்றிலிருந்து புளி இந்தப் பக்கம், சப்பாத்தி மாவு அந்தப் பக்கம். பார்க்கிறவர்கள் இரண்டு நிறமும் இரண்டு உயரமும் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்து மேஸ்திரியைப் புகழ்ந்தார்கள். அதே பிளாக்கில் அவருக்கு இன்னும் மூன்று வீட்டில் வேலை கிடைத்தது.

வேலை முடிந்த அன்று என் கணவர் தணிக்கைக்கு வந்தவர் மாதிரி உள்ளே நுழைந்தார். டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். குழாயைத் திறந்து மூடினார். கறுப்புக் கல்லில் நானே புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குறை கிடைக்கவில்லை. கடைசியில் எதிர் மேடைக்கு முன்னால் போய் நின்றார். கை இரண்டும் தானாகக் கல்லின்மேல் படிந்தன.

"குனிய வேண்டாம் போலிருக்கே" என்றார்.

"ஒங்களுக்குன்னு அளந்து கட்டினது" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்தவர் அதை விட்டுவிட்டு, அங்கே கிடந்த பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நறுக்கினார். ஒவ்வொரு துண்டும் ஸ்கேல் வைத்து வெட்டியது போல ஒரே அளவு. அந்தப் பொரியல் அன்று ராத்திரிதான் தயாராயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் தேங்காய் துருவினார். பிறகு மாவு பிசைந்தார். முதல் வாரச் சப்பாத்திகளைப் பற்றி நான் எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

ஜனவரியில் ஒரு நாள் பாராளுமன்றக் கேள்விக்குப் பதில் தயாரிக்கச் சொல்லி என்னை ஆபீஸில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். பனிமூட்டத்தில் பஸ் யமுனைப் பாலத்தில் ஊர்ந்தது. வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. மகள் கதவைத் திறந்தாள்.

"அம்மா, ஜல்தி வா. அப்பா எனக்குக் குடுத்தாச்சு, இப்ப உன்னோட டர்ன்."

பழக்கதோஷத்தில் தலைப்பைச் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். பளிங்கு முழுக்க மாவு. அவர் நெற்றியிலும் மாவு. அடுப்பில் ஒன்று உப்பிக்கொண்டிருந்தது.

"இங்க ஒனக்கு ஒரு வேலயும் இல்ல. போயி உக்காரு" என்றார்.

கூடத்தில் உட்கார்ந்தேன். சுவர் ஜன்னல் வழியாகத் தட்டு வந்தது. சப்பாத்தி ஓரத்தில் கோணியிருந்தது, ஆவி பறந்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அடுப்பிலிருந்து நேராக என் தட்டுக்கு வந்த முதல் சப்பாத்தி அது. அதுவரை நான் சாப்பிட்டதெல்லாம் எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு ஆறிப்போனவைதான். அப்போது எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. விரல் சுட்டது, ருசியாக இருந்தது, ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. மூன்று சாப்பிட்டு முடித்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இன்னொன்று சூடாக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்.