விசிலுக்குப் பிறகு வீடியோ

கால்பந்து நடுவர் வேலையில் முடிவு சொல்ல அரை நொடிதான் கிடைக்கும். திட்டு மட்டும் சாவகாசமாக வந்து சேரும். நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போகிறவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு என் பாடு புரியும்.

ஆவடிப் பக்கம் நான் விசில் ஊதும் ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கும் இந்த முறை வீடியோ வந்துவிட்டது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு செல்போன், பந்தலில் ஒரு லேப்டாப். தொடரின் பொறுப்பாளர் தாஜுதீன் பாய், பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "உங்க விசிலும் வீடியோவும் ஒத்துப்போனா அடுத்த தொடருக்கும் நீங்கதான் சார். இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்."

கோட்டைத் தாண்டியதா?

பருத்திப்பட்டு மைதானத்தில் பந்து கோல் கோட்டைத் தாண்டியதாக விசில் அடித்தேன். எதிரணி சூழ்ந்துகொண்டது. சரி, பார்த்துவிடுவோம் என்று பந்தலுக்குப் போனேன். திரையில் பந்து கோட்டை நெருங்கியது; அத்தோடு படம் நின்றுவிட்டது. செல்போனைப் பிடித்திருந்த ஆட்டோக்காரர் முருகன் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் பண்றது, கரீக்டா அந்த நேரம் பாத்து ஊட்லேர்ந்து போன் வந்துச்சு!"

கொண்டாடாத கோல்

அம்பத்தூர் பட்டறைத் தொழிலாளர் அணியின் வேலு, தூரத்திலிருந்து ஓர் அருமையான கோல் அடித்தான். முன்பெல்லாம் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடுவான். இப்போது இடுப்பில் கை வைத்து, என்னையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தான். பந்தலிலிருந்து கோல்தான் என்று தலையாட்டியதும் நடுக்கோட்டுக்கு நடந்தான். ஏனப்பா, சந்தோஷமில்லையா என்று கேட்டேன். "குதிச்சிட்டு அப்பாலிக்கா இல்லன்னுட்டா அசிங்கமா பூடும் சார்."

கை

இறுதி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்த வேலுவின் அணி அடித்த பந்து, கோல் முன்னால் நின்ற, ஊழியர் குவார்ட்டர்ஸ் அணியின் குமார் கையில் பட்டது. தற்செயல் என்று விட்டுவிட்டேன். பந்தலுக்குக் கூப்பிட்டார்கள். மெதுவாக ஓட்டியபோது கை பந்தைத் தேடிப் போவது போலிருந்தது; சாதாரண வேகத்தில் ஓட்டச் சொன்னேன், தானாகப் பட்டது போலிருந்தது. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெனால்டி இல்லை என்றேன். கண்டதைச் சொன்னேனா, என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேனா? எனக்கே பிடிபடவில்லை.

ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றும்போது, ஜெயித்த குமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், கை தானா போச்சா, நான் வெச்சனான்னு எனக்கே தெரியல. நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

அடுத்த தொடருக்கும் என்னையே கூப்பிட்டிருக்கிறார் பாய்; என் முடிவு சரி என்பதாலா, வெயிலில் ஓட வேறு ஆள் கிடைக்காததாலா என்று அவரிடம் கேட்கும் துணிச்சல்தான் எனக்கு இன்னும் வரவில்லை.