ஸ்கோப்யேவுக்கு ஒரு மலிவு டிக்கெட்

ஸ்வீடன்ல, மால்மோவுல இருக்கிற எங்க மாசிடோனியாக்காரங்க யார் ஊருக்குப் போகணும்னாலும் முதல்ல என்கிட்டதான் வருவாங்க. எந்தக் கிழமை விலை இறங்கும், எந்த மாசம் ஸ்கோப்யே விமானம் பாதி காலியாப் போகும், சீட்டுக்கு அடியில வைக்கிற பையில எவ்வளவு திணிக்கலாம், ரெண்டு கோட்டை ஒண்ணு மேல ஒண்ணு மாட்டிக்கிட்டா பாக்கெட்டுல எத்தனை காபிப் பொட்டலம் போகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. முழு விலை குடுத்து ஊருக்குப் போறவனை நாங்க ஏமாளின்னுதான் சொல்லுவோம். டிக்கெட் மென்கான்னே எனக்குப் பேரு. அந்தப் பேர்ல எனக்குக் கர்வம்கூட இருந்துச்சு. நெவெங்காவுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்ததோட அது போச்சு.

நெவெங்காவும் நானும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருபத்திரெண்டு வருஷம் ஒரே மேசையில போர்வை மடிச்சவங்க. ஒரு முனை அவ கையில, மறுமுனை என் கையில. மடிப்பு ஒரு விரக்கடை கோணினாலும் பிரிச்சு மறுபடி மடிக்கச் சொல்லுவா. "நோயாளிக்கு இது தெரியவா போகுது?"ன்னு நான் எரிஞ்சு விழுவேன். "எனக்குத் தெரியுமே"ம்பா. அவ்வளவுதான் பேச்சு. இருபது வயசுல காலுறை ஃபாக்டரி வேலைக்குன்னு ஸ்வீடன் வந்தவ, புருஷனை இங்கயே புதைச்சா, ஒரே மகன் ஓஸ்லோவுக்குப் போயிட்டான். யார்கிட்டயும் ஒரு கை உப்புகூட இரவல் கேட்டு நான் பார்த்ததில்ல.

ஊர்ல அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி, தோமே. அறுபத்திமூணு பூகம்பத்துல ஸ்கோப்யேவுல அவங்க வீடு இடிஞ்சப்ப, மூணு வயசுத் தம்பியை இடுப்புல இடுக்கிக்கிட்டுப் படியிறங்கினவ இந்த நெவெங்கா. அப்ப அவளுக்கு ஆறு வயசு. அப்புறம் நாலு வருஷம் பலகை வீட்டுல, ஒரே கட்டில்ல, தலைமாடு கால்மாடாப் படுத்து வளர்ந்ததுங்க. அப்படிப்பட்ட தம்பியோட அவ பதினோரு வருஷம் பேசலை.

அவங்கம்மா செத்தது ஒரு ஆகஸ்ட் மாசம், வியாழக்கிழமை. தோமே இவளுக்குப் போன் பண்ணது சனிக்கிழமை. "நேத்து அடக்கம் பண்ணிட்டோம் அக்கா. ஆகஸ்ட்டுல டிக்கெட் விலை உச்சத்துல நிக்கும், உன்னை எதுக்குக் கடன்ல தள்ளணும்னுதான்"னு சொல்லியிருக்கான். எங்க ஊர்ல செத்தவங்களை மறுநாளே மண்ணுக்குள்ள வெச்சிடறது வழக்கம்தான். ஆனா வெளிநாட்டுல இருந்து மக வர்றான்னா நிறுத்தி வைக்கிறதும் வழக்கம்தான். நெவெங்கா போனை வெச்சா. அடுத்த ரெண்டு ஈஸ்டருக்கு அவன் கூப்பிட்டான், இவ எடுக்கலை. அப்புறம் அவனும் விட்டுட்டான். வீம்புல அக்காவுக்குத் தம்பி ஒரு மாத்துக் குறைச்சலில்ல.

இது இப்படி இருக்க, ரெண்டாயிரத்துப் பத்தொன்பது ஜனவரியில ஒரு நாள், வேலைக்கு நடுவுல, போர்வையோட முனையை விடாமலே சொன்னா.

"மென்கா, எனக்கு ஸ்கோப்யேவுக்கு ஒரு டிக்கெட் பாரு. ப்ரோச்காவுக்கு அங்க இருக்கணும்."

நான் போர்வையைக் கீழ போட்டுட்டேன். தோமேவோட பொண்டாட்டி பாவ்லினா அவனுக்குத் தெரியாம போன் பண்ணியிருக்கா. ரெண்டு நுரையீரலும் போச்சாம், கோடை வரைக்கும் தாங்கமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாராம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?

ப்ரோச்கான்னா எங்களுக்கு மன்னிப்பு ஞாயிறு. ஈஸ்டர் நோன்பு தொடங்குறதுக்கு முந்தின நாள். சின்னவங்க பெரியவங்க வீட்டுக்கு ஆரஞ்சோ அல்வாவோ எடுத்துக்கிட்டுப் போய், கையில முத்தம் குடுத்து "மன்னிச்சிடுங்க"ன்னு கேக்கணும். பெரியவங்க "மன்னிச்சாச்சு"ன்னு சொல்லணும். வருஷம் பூரா வெட்டு குத்துன்னு இருந்தவங்ககூட அன்னிக்கு வந்து கேட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா கேக்க வேண்டியது சின்னவங்கதான். நடுவுல ஆள் வெச்சுக் கேட்டா அது செல்லாது.

நான் அவளைப் பார்த்து, நீயே ஏன் முதல்ல பேசக்கூடாதுன்னு கேட்டேன். சாகப்போறவன்கிட்ட என்னடி மரியாதை வேண்டிக்கிடக்குன்னு திட்டினேன்.

"நான் போறேன், அவன் எதிர்ல உக்கார்றேன். அதுவே என் பங்குக்கு மேல. அவன் கேக்காம நான் எதை மன்னிக்கிறது?"ன்னா.

பிடிச்ச முயலுக்கு மூணே கால். சரின்னு டிக்கெட் தேட உக்காந்தேன். என் புத்தி என்னை விடலை. வெள்ளிக்கிழமை போய்த் திங்கக்கிழமை திரும்பினா ஒரு காலணி விலைக்கு டிக்கெட் கிடைச்சுது. ரெண்டு வாரம் தங்கித் திரும்புறதுக்கு முன்னூறு குரோனர் கூட. அவளுக்கு லீவு குவிஞ்சு கிடந்துச்சு, காசும் இல்லாம இல்லை. "மன்னிப்புக் கேக்க மூணு நாள் போதாதா?"ன்னு நான்தான் கேட்டேன். அவளும் தலையாட்டிட்டா. விலையைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்து, நானும் கூடப் போக ஒரு டிக்கெட் எடுத்துக்கிட்டேன். தேதியை மாத்த முடியாத டிக்கெட், காசும் திரும்ப வராது. இந்த மாதிரி டிக்கெட்டைப் பிடிக்கிறதுலதான் என் சாமர்த்தியமே இருக்குன்னு அன்னிக்கு நினைச்சேன்.

விமானத்துல அவ மடியில ஒரு நல்ல கம்பளிச் சட்டை வெச்சிருந்தா, தம்பிக்கு. அளவு சரியா இருக்குமான்னு ரெண்டு தடவை என்கிட்ட கேட்டா. அவனை அவ கடைசியாப் பார்த்தப்ப அவன் தொண்ணூறு கிலோ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணாவது மாடி ஏறி உள்ள போனோம். ஊர் பூரா விறகுப் புகை, வீட்டுக்குள்ளயும் அதே நாத்தம். தோமே கட்டில்ல தலையணைக்குச் சாய்ஞ்சு உக்காந்திருந்தான், மூக்குல ஆக்சிஜன் குழாய். ஐம்பது கிலோவுக்கு மேல இருந்திருக்காது. நெவெங்கா வாசல்ல நின்னவ நின்னபடியே இருந்தா. கொண்டுவந்த சட்டையை பாவ்லினா கையில குடுத்தா. அது என்னன்னு அவளும் சொல்லலை, அவனும் கேக்கலை.

டிக்கெட் எவ்வளவு ஆச்சுன்னுதான் அவன் முதல்ல கேட்டான். நான் பெருமையா விலையைச் சொன்னேன். அவன் சிரிச்சான்.

"இவ்வளவு மலிவா? அப்புறம் பதினோரு வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே அக்கா?"

"கூப்பிட ஆளில்லாம உக்காந்திருந்தேன்"னு அவ சொன்னா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

சனிக்கிழமை முழுக்க மருந்து, சாப்பாடு, தூக்கம். அவன் தூங்குறப்ப அவ ஜன்னலோரம் உக்காந்து அவனையே பார்த்துக்கிட்டிருப்பா. அவன் கண்ணைத் திறந்தா இவ தெருவைப் பார்ப்பா. பாவ்லினா பாலாடைக்கட்டி வெச்ச பனிட்சா சுட்டா. நான் தின்னேன், வேற யாரும் தின்னலை.

ஞாயிறு வந்துச்சு. காலையில இருந்தே ஆளுங்க. தோமேவோட மக, மருமகன், பேரப்பிள்ளைங்க, கீழ் வீட்டுக்காரங்க, அவனோட பழைய பஸ் டிப்போ ஆளுங்க. ஒவ்வொருத்தரா வந்து அவன் கையை முத்தி மன்னிப்புக் கேட்டாங்க. வீட்டுக்குப் பெரியவங்கன்னு நெவெங்கா கையையும் முத்தினாங்க. அவ எல்லாருக்கும் "மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. பேர்கூடத் தெரியாதவங்களுக்கு, அவளுக்கு ஒரு கெடுதலும் பண்ணாதவங்களுக்கு, பதினஞ்சு தடவையாவது சொல்லியிருப்பா. ப்ரோச்கா விளையாட்டுன்னு விளக்குல இருந்து நூல்ல அவிச்ச முட்டையைத் தொங்கவிட்டு, பேரப்பிள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டு வாயால கவ்வப் பார்த்ததுங்க. தோமே சிரிச்சான். சிரிப்பு இருமலாகி அடங்கவே கால்மணி நேரம் ஆச்சு.

எல்லாரும் போனப்ப ஆறு மணி. பாவ்லினா என்னைச் சமையக்கட்டுக்குள்ள இழுத்துக் கதவைச் சாத்தினா. அக்கா, தம்பி ரெண்டு பேர் மட்டும் அறையில. பாவ்லினா என் காதுகிட்ட வந்து அழுதா.

"கேக்கணும்னுதான் இருக்காரு. எழுந்திரிக்க முடியல, அக்கா கையை முத்தணும்னா எட்டல. கிட்ட வான்னு கூப்பிட வெக்கப்படறாரு. அண்ணி அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டேங்கறாங்க."

போய்ச் சொல்லிடட்டுமான்னு நான் கேட்டேன். வேண்டாம், நாம சொல்லி அவங்க வந்தா அது நாம வாங்கிக் குடுத்த மன்னிப்பாயிடும்னுட்டா. நானும் அப்படித்தான் நினைச்சேன். எங்க ஊர்க்காரி எவளும் அப்படித்தான் நினைச்சிருப்பா. ரெண்டு மூதேவிங்க, விஷயம் முழுக்கத் தெரிஞ்சுக்கிட்டு, கதவுக்குப் பின்னாடி நின்னோம்.

உள்ள அம்மாவோட தையல் மெஷின் யார்கிட்ட இருக்குன்னு அவ கேட்டா. அவன் சொன்னான். பலகை வீட்டுல கூரை ஒழுகினதைப் பத்தி அவன் ஏதோ சொன்னான். அப்புறம் ஆக்சிஜன் கொப்புளிக்கிற சத்தம் மட்டும்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு விமானம்?"

"பதினொண்ணுக்கு."

"அப்ப சீக்கிரம் படு அக்கா."

அவ்வளவுதான். ப்ரோச்கா முடிஞ்சுது.

திங்கக்கிழமை காலையில கீழ டாக்ஸி நின்னு ஹார்ன் அடிக்குது. நெவெங்கா ரெண்டு கோட்டையும் மாட்டிக்கிட்டுக் கட்டில்கிட்ட போனா. ஊருக்குப் போறப்ப கன்னத்துல முத்தம் குடுக்கணுமே, குனிஞ்சா. அவன் சட்டுனு அவ கையைப் பிடிச்சான். எலும்புக் கை, ஆனா இறுக்கமாப் பிடிச்சான்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

இருமல் வந்துடுச்சு. பாவ்லினா ஓடி வந்து முதுகைத் தடவினா. அவன் கையை விடலை. இருமல் அடங்க இன்னும் ரெண்டு நிமிஷம், இல்ல அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். மறுபடியும் ஹார்ன் அடிச்சுது. நான் கதவுகிட்ட இருந்து, நேரமாச்சு, கேட்டை மூடிடுவாங்க, டிக்கெட் போச்சுன்னா போச்சுதான்னு கத்தினேன். ஆமா, நான்தான் கத்தினேன். அவ என்னைப் பார்த்தா, அவனைப் பார்த்தா.

"ஈஸ்டருக்கு வர்றேன்டா. அப்பப் பேசிக்கலாம்"னா.

அவன் தலையாட்டினான். அவளே மெதுவா அவன் விரலைப் பிரிச்சுவிட்டா.

திரும்பி வர்றப்ப விமானத்துல அவ மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. "கையைப் பிடிச்சான் பார்த்தியா? கேக்கத்தானே வந்தான்?"னு திரும்பத் திரும்பக் கேட்டா. ஆமான்னு சொன்னேன். ஈஸ்டருக்கு உடனே டிக்கெட் போடச் சொன்னா. ரெண்டு வாரம் பொறு, விலை இறங்கும்னு சொன்னேன். கஞ்சப் பிசினாறிக்கு வேற என்ன வாயில வரும்?

பன்னெண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, வேலை நேரத்துல அவ போன் அடிச்சுது. மெஷின் சத்தத்துல காது கேக்காதுன்னு போனை மேசையில வெச்சு ஸ்பீக்கரைப் போட்டா. பாவ்லினா குரல். அழுது முடிச்ச குரல்.

"அண்ணி, விடியக்காலையில போயிட்டாரு."

நெவெங்கா போர்வையோட முனையைப் பிடிச்சபடியே நின்னா. மறுமுனை என் கையில இருந்துச்சு.

"அடக்கம் என்னிக்குன்னு நீங்கதான் சொல்லணும். நேத்து ராத்திரி என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அக்கா வர்ற வரைக்கும் என்னை மண்ணுக்குள்ள வெச்சிடாதே. மூணு நாளோ நாலு நாளோ, நாத்தமே எடுத்தாலும் பரவாயில்ல, அக்கா வரட்டும்னாரு. ஆஸ்பத்திரிப் பிணவறையில சொல்லி வெச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?"

நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு அவ போனை அணைச்சா. வியன்னா வழியா மறுநாள் காலையில ஒரு விமானம் இருந்துச்சு, அவளோட ஒரு மாசச் சம்பளம். கேக்காமலே எடுத்தேன். அவ அழுக்குத் துணி மூட்டை மேல உக்காந்திருந்தா. அவ அழுது நான் பார்த்ததில்ல, புருஷன் செத்தப்பகூட. அன்னிக்கு அழுதா, வாயை மூடிக்கூட அழலை.

"கேட்டுட்டான்டி மென்கா. அவன் கேட்டுட்டான். மன்னிச்சாச்சுன்னு நான் இப்ப யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"